ஆடாதோடை: பெரியதும் சிறியதும்



திருவனந்தபுரத்திற்கு வந்த புதிதில், வீட்டில் ஒருவருக்குக் கண்ட இருமலை முன்னிட்டுச் சாலைக் கடைத்தெருவிலுள்ள ஒரு மருந்துக் கடையில் ஆடாதோடை கேட்டேன். கடைக்காரர், “பெரியதா, சிறியதா?” என்று வினவினார். அதில் இருவகை உண்டென்பதையே அன்றுதான் அறிந்தேன்.

தமிழகத்தில் நாம் வேலியோரத்தில் காண்பது பெரியது. ஆள் உயரத்திற்கும் மேல் வளரும் என்றும் பசுமையான புதர். நீண்டு கூரிய இலை. வெண்மையான பூவின் கீழிதழில் ஊதாக் கோடுகள். கசப்பு மிகுதியால் ஆடும் தொடாத இலை என்று பெயர்க்காரணம் கூறுவர். இப்பெயரையே லின்னேயஸ் 1753இல் தம் நூலில் ‘ஜஸ்டீசியா ஆடாதோடா’ என்று பதிவு செய்தார். வடமொழியில் இது வாசா. பூவின் அமைப்பு கருதிச் சிங்கமுகம் எனப் பொருள்படும் ‘சிம்ஹாஸ்யம்’ என்றும் வழங்கும். சிறியது, இலையிலும் பூவிலும் சிறுத்த வேறோர் இனம். தாவர நூலார் இதனை ‘ஜஸ்டீசியா பெடோமி’ என்பர். இரண்டிற்கும் மலையாளத்தில் ஆடலோடகம் என்று பெயர். கேரள வைத்தியர்கள் சிறியதையே பெரிதும் விரும்புவர்.

இருமல், மூச்சிரைப்பு, இரத்தப் போக்கு ஆகியவற்றிற்கு வாசாவை ஆயுர்வேத நூல்கள் விதிக்கின்றன. இலையை ஆவியில் வாட்டிப் பிழிந்த சாற்றில் தேன் கலந்து உட்கொள்வது கேரளத்து வீட்டு வழக்கம். வாசாரிஷ்டம், வாசாவலேகம் என்பன ஆயுர்வேத மருந்துகள். ஆடாதோடை மணப்பாகு சித்த மருந்து. 2020ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்ட கபசுரக் குடிநீரிலும் இவ்விலை சேர்ந்துள்ளது.

இம்மருந்தின் ஆற்றலை விஞ்ஞானமும் ஆராய்ந்துள்ளது. 1888இல் டேவிட் ஹூப்பர் என்னும் இரசாயன அறிஞர் இதன் இலையிலிருந்து ‘வாசிசின்’ என்னும் பொருளைப் பிரித்தார். 1960களில் அதன் அமைப்பைத் தழுவி உருவாக்கப்பட்ட புரோம்ஹெக்சின், சளியை இளக்கும் மருந்தாக இன்றும் வழங்குகிறது. இருமல் மருந்துப் புட்டியின் சீட்டில் அப்பெயரைக் காண்போர், அதற்கு வழிகாட்டியது நம் வேலிச்செடி என்பதை நினைவுகூரலாம்.

தமிழகத்தை விட்டு வெளியில் வாழும் நமக்குப் பிற மொழிப் பெயர்களும் தெரிந்திருத்தல் நலம். இந்தியில் அடூசா, மராத்தியில் அடுள்சா, வங்காளியில் பாசக், தெலுங்கில் அட்டசரமு, கன்னடத்தில் ஆடுசோகே. ஊர் மாறியதும் செடியும் இல்லையென்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் மாறியிருப்பது பெயர் மட்டுமே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இருமல் ஒரு நோயன்று, பல நோய்களின் அறிகுறி. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தாலும், சளியில் இரத்தம் கண்டாலும், மாலைக் காய்ச்சலோடு உடல் மெலிந்தாலும், கஷாயத்தோடு காலங்கடத்தலாகாது. அது காசநோயாக இருக்கக்கூடும். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகவே கிடைக்கின்றன. காசநோய்க் கிருமியை முழுதும் ஒழிக்க, அதற்குரிய மருந்துகளை மருத்துவர் கூறும் காலம் முழுவதும் உண்பதே வழி. ஆடாதோடை அவற்றிற்கு ஈடாகாது. திடீரென மூச்சுத் திணறல் கடுமையானால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

கருவுற்ற பெண்கள் ஆடாதோடையை உட்கொள்ளலாகாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதனையும் தரலாகாது. மற்றக் குழந்தைகளுக்கும் அளவை வைத்தியரே கூற வேண்டும்.

“பெரியதா, சிறியதா?” என்று கடைக்காரர் கேட்டது எனக்கு நல்லதொரு பாடம். இம்மருந்தை நாடுமுன் நாமும் சில வினாக்களைக் கேட்டுக்கொள்வோம்: இருமல் எத்தனை நாளாக? யாருக்கு? வேறு அறிகுறி உண்டா? இவற்றிற்கு விடை கண்ட பின்னர், வைத்தியரைக் கலந்து ஆடாதோடையைக் கைக்கொண்டால், நம் முன்னோர் போற்றிய செடி நமக்கும் துணையாகும்.