முப்பது வயதில் செவிலியக் கல்வி: கடனும் கணக்கும்

(மாணவ மாணவியரும் வளர்ச்சித்துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)

கல்விக் கடன் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம் ஒன்றே. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பதினெட்டு வயது மாணவர். அருகே, கையெழுத்திடக் காத்திருக்கும் தந்தை. நம்முடைய படிவங்களும் நடைமுறைகளும் பெரும்பாலும் இந்த உருவத்தை மனத்திற்கொண்டே வரையப்பட்டவை. ஆனால், செவிலியப் பள்ளிகளின் வாயிலில் வேறு சிலரும் வந்து நிற்கின்றனர். கிராமத்தில் ஆஷா பணியாளராகப் பல்லாண்டு உழைத்தவர், ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் பயிற்சி பெற்றுப் பட்டயம் பெற விழைபவர், குழந்தைகள் பள்ளி செல்லத் தொடங்கிய பின் தாமும் படிக்க முன்வரும் தாய்மார் ஆகியோரே அவர்கள். இவர்களைப் பற்றியே இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

விடுதலைக்கு முன்னர், 1946-இல், சர் ஜோசப் போர் தலைமையிலான குழு தன் அறிக்கையை அளித்தபோது, நாட்டில் பயிற்சி பெற்ற செவிலியர் சுமார் 7,000 பேரே இருந்தனர். ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்ற நிலை அது. இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. எனினும் கிராமத்திலேயே தங்கிப் பணியாற்றும் செவிலியர்க்கான தேவை தீர்ந்துவிடவில்லை. அக்கிராமத்திலேயே வேரூன்றி வாழும் நடுவயதுப் பெண் இத்தேவைக்குப் பொருத்தமானவர் என்பது என் கருத்து. விதிகளும் இவரை முற்றிலும் மறந்துவிடவில்லை. ஜி.என்.எம். பட்டயப் படிப்பிற்கு இந்திய செவிலியர் குழுமம் வகுத்த வயது வரம்பு 17 முதல் 35 வரை. துணைச் செவிலியராகப் பதிவு பெற்றவர்க்கோ வயது உச்சவரம்பு கிடையாது.

கடன் விதிகளும் அவ்வாறே. 2001-இல் நடைமுறைக்கு வந்து, பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்ற இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், மாணவரின் வயதிற்கென்று தனிக் கட்டுப்பாடு ஏதும் இல்லை. செவிலியப் பட்டமும் பட்டயமும் தகுதியுள்ள படிப்புகளே. மணமானவராயின் கணவரோ, பெற்றோரோ, மாமனார் மாமியாரோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திடலாம். நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. ஏழரை லட்சம் வரையுள்ள கடன்களுக்கு 2015 முதல் மைய அரசின் கடன் உத்தரவாத நிதியம் வங்கிக்கு ஏற்படும் இழப்பில் முக்கால் பங்கை ஏற்கிறது. ஏட்டளவில் குறைகூற இடம் சிறிதே.

கிளை அலுவலகத்தின் மேசைக்கு வரும்போதுதான் சிக்கல் எழுகிறது. "தந்தையை அழைத்து வாருங்கள்" என்று முப்பத்திரண்டு வயதுப் பெண்ணிடம் கூறப்படுவதுண்டு. தந்தை காலமாகியிருக்கலாம், கணவர் வெளியூரில் கூலி வேலையில் இருக்கலாம். மாமனாரின் கையெழுத்தும் செல்லும் என்பதைக் கிளையிலுள்ள எழுத்தர் அறியாதிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. மேலும், பதினெட்டு வயது மாணவருக்கு இல்லாத ஒன்று இவருக்கு உண்டு, அதுதான் கடந்தகாலம். சுயஉதவிக் குழுக் கடனில் தவறிய தவணை, கணவரின் சிகிச்சைக்காக வாங்கிய கைமாற்றுக்குப் பதிலாக எடுத்த நுண்கடன் ஆகிய அனைத்தும் கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டில் பதிவாகியுள்ளன. மாணவரின் கடன் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுத்தல் ஆகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-இல் கூறியது. எனினும், விண்ணப்பிக்குமுன் தம் ஏட்டைப் பெற்றுப் பார்த்து, சிறு பாக்கிகளைத் தீர்த்துவிடுதல் நலம். ஆண்டுக்கு ஒருமுறை அதனை இலவசமாகப் பெற இயலும்.

விண்ணப்பதாரரின் இருப்பிடம் எங்கள் சேவைப் பகுதியில் இல்லை என்று கூறித் திருப்பி அனுப்புதல் கூடாது என ரிசர்வ் வங்கி 2012-லேயே அறிவுறுத்தியுள்ளது. விண்ணப்பத்தை மறுப்பதாயின் மேலதிகாரியின் இசைவோடுதான் மறுத்தல் வேண்டும். ஆகவே, வாய்மொழி மறுப்பை ஏற்காமல் எழுத்து மூலம் விடை கேட்குமாறு மாணவர்களுக்குக் கூறுகிறேன். அலுவலர்களாகிய நாம் அவ்விடையைப் பெற்றுத் தருவதற்குத் துணைநிற்க வேண்டும்.

அடுத்து, கல்வி நிலையத்தின் அங்கீகாரம். இதில் அயர்ந்தால் பின்னர் ஈடுசெய்ய இயலாது. 2017-இல் கர்நாடகத்தில், அங்கீகாரம் வழங்கும் அதிகாரம் மத்திய குழுமத்திற்கா, மாநில அமைப்புகளுக்கா என்ற வழக்கு எழுந்தபோது, வெளிமாநில மாணவர்களின் கடன் விண்ணப்பங்கள் இடையில் அகப்பட்டுக் கொண்டன. முன்பணம் கட்டுவதற்கு முன்னரே மாநிலச் செவிலியர் குழுமத்தின் பதிவு, பல்கலைக்கழக அல்லது தேர்வு வாரிய இணைப்பு ஆகியவற்றை வங்கி ஏற்குமா என்று கேட்டறிதல் வேண்டும். 2009-இல் தொடங்கிய மைய அரசின் வட்டி மானியத் திட்டமும் இதனோடு பிணைந்ததே. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்திற்கு மேற்படாத குடும்பத்தினர்க்குப் படிப்புக் காலத்திற்கும் அதன்பின் ஓராண்டிற்கும் உரிய வட்டியை அரசே செலுத்துகிறது. ஆனால் அச்சலுகை வாழ்நாளில் ஒருமுறைதான். இளமையில் வேறொரு பட்டப் படிப்பிற்கு அதனைப் பெற்றவர் இப்போது எதிர்பார்த்தல் ஆகாது. 2024-இல் அறிவிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் இடம்பெற்ற உயர்கல்வி நிலையங்களுக்கே உரியது. சிறு நகரங்களின் செவிலியப் பள்ளிகள் பெரும்பாலும் அதில் அடங்கா.

இனி, கணக்கு. ஒருவர் 32 வயதில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு லட்சமாக மூன்று லட்சம் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். வட்டி பத்து சதவீதம் என்பது கணக்கின் எளிமைக்காக. தவணை தொடங்கும்வரை தனி வட்டியே உண்டு. நான்காம் ஆண்டின் முடிவில் வட்டி 90,000 ரூபாய், கடன் 3,90,000. பத்தாண்டில் தீர்ப்பதாயின் மாதம் சுமார் 5,150 ரூபாய். பதினைந்தாண்டாயின் சுமார் 4,190. பின்னது இலகுவாகத் தோன்றும். ஆனால் மொத்தம் செலுத்துவது முன்னதில் சுமார் 6,18,000, பின்னதில் 7,54,000. கடன் தீரும்போது அவர்க்கு வயது 51. அதற்குள் அவருடைய மகளுக்கே கல்விக் கடன் தேவைப்பட்டிருக்கும்!

மானியம் கிட்டாதவர், இயன்றால், படிக்கும்போதே வட்டியைச் செலுத்தி வரலாம். முதலாண்டில் அது மாதம் 833 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 1,667, பின்னர் 2,500. இவ்வாறு செய்தால் பத்தாண்டுத் தவணை 3,965 ரூபாயாகக் குறைகிறது. தவறாது வட்டி செலுத்துவோர்க்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை சலுகை தரவும் மாதிரித் திட்டம் இடமளிக்கிறது.

இத்தவணையை எந்தச் சம்பளம் தாங்கும்? 2016-இல் உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் தருமாறு பரிந்துரைத்தது. பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள தொலைவை இங்குள்ளோர் அறிவர். இருபதாயிரத்தில் ஐயாயிரம் என்பது கால் பங்கு. பன்னிரண்டாயிரம் பெறுபவர்க்கோ அது ஐந்தில் இரண்டு பங்கினும் மிகுதி. கேரளத்தில் 2011-12-இல் தனியார் மருத்துவமனைச் செவிலியர் நடத்திய போராட்டங்களின் பின்னணியில் இந்தக் கல்விக் கடன் சுமை இருந்தது. 2017-இல் அம்மாநில அரசு 900 கோடி ரூபாயில் கடன் தீர்ப்பு உதவித் திட்டம் ஒன்றை அறிவிக்க நேர்ந்ததும் இச்சுமையின் அளவைக் காட்டும்.

இக்கணக்கில் வராத ஒரு செலவும் உண்டு. கல்விக் கடன் கட்டணம், நூல், சீருடை, விடுதி ஆகியவற்றிற்கே தரப்படுகிறது. படிக்கும் மூன்றாண்டில் வீட்டிற்கு வராமற்போகும் கூலிக்கு எந்த வங்கியும் கடன் தருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது கந்துவட்டியும் அடகுக் கடையுமே. நடுவயது மாணவியின் படிப்பு முறிவது பெரும்பாலும் இங்குதான். எனவே, தொலைவிலுள்ள தனியார் கல்லூரிக்குப் பெருங்கடன் பெறுவதைவிட, மாவட்டத்திலேயே உள்ள அரசுப் பள்ளியில் இடம் கிடைக்குமாயின் ஓராண்டு காத்திருந்தேனும் அதில் சேர்வதே மேல் என்பேன். பல மாநிலங்களில் அங்குப் பயிற்சியாளர்க்கு மாத உதவித்தொகையும் உண்டு. ஆஷா பணியாளர்க்கு முன்னுரிமை தரும் மாநிலங்களில் அந்த ஆணை ஆரம்ப சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகைவரை வந்து சேர்ந்ததா என்று வட்டார அலுவலர்கள் பார்த்தல் வேண்டும்.

இடையில் மகப்பேறோ நோயோ குறுக்கிட்டால் படிப்பை விட்டுவிடுவோர் உளர். அது தேவையற்றது. குறித்த காலத்தில் படிப்பை முடிக்க இயலாதவர்க்கு இரண்டாண்டு வரை நீட்டிப்பு வழங்க மாதிரித் திட்டம் இடந்தருகிறது. தவணை தொடங்கிய பின்னர் வேலை இழந்தாலும், ஊதியம் மிகக் குறைந்தாலும், கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணையை ஒத்திவைக்கவும் வழியுண்டு. ஆனால் வங்கி தானாக முன்வந்து இதனை அளிப்பதில்லை. தவணை தவறுவதற்கு முன்னரே, காரணத்தைக் குறிப்பிட்டு, கிளை மேலாளருக்கு எழுதி, அதன் நகலில் முத்திரையிட்ட ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.