இசையைக் கற்றலும் கல்வியே

(வெள்ளி விழாவையொட்டிக் கூக்காலில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ளது. பூண்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் கூலிக்கு நின்றோரின் பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும் செவிலியராகவும் விளங்குகின்றனர். அப்பெருமையைப் பிறர் பேசுவர். நாம் நம்முடைய பிழையொன்றைக் கூறவே இம்மேடையில் நிற்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாணவன் ஒருவன் தன் தந்தையாரோடு நம்மிடம் வந்தான். இசைக் கல்லூரியில் சேர வேண்டும் என்றான். தந்தையாரின் முகம் சிவந்தது. "சாவு வீட்டில் பறை அடிக்க மாட்டேன் என்று சொல்லி என் அப்பா ஊரையே பகைத்துக்கொண்டார் ஐயா. இவன் பணம் கட்டி அதையே படிக்கப் போகிறேன் என்கிறான்" என்றார். நாமும் தந்தையின் பக்கமே நின்றோம். வணிகவியல் படித்தால் வங்கித் தேர்வு எழுதலாம் என்று அறிவுரை கூறி அனுப்பினோம். ஓராண்டு படித்தான், பிறகு நின்றுவிட்டான். இன்று கொடைக்கானலில் வாடகை வண்டி ஓட்டுகின்றான். எத்தொழிலும் இழிவன்று. ஆயினும் அவன் விரும்பிய கல்வியின் கதவை அடைத்தவருள் நாமும் ஒருவர் என்னும் எண்ணம் நம்மை விட்டு நீங்கவில்லை.

தந்தையார் கூறியது பொய்யன்று. பறையை இறக்கி வைப்பது நம் முன்னோர்க்கு விடுதலைப் போராட்டமாகவே இருந்தது. ஆனால் அவர்கள் மறுத்தது எதனை? பிறர் ஏவ, கூலியும் மதிப்பும் இன்றி அடிப்பதையே மறுத்தனர். இசையை அவர்கள் மறுத்தாரல்லர். ஏவலுக்கு அடித்த கை வேறு. விரும்பிப் பயிலும் கை வேறு. இவ்வேறுபாட்டை அன்று நாம் உணரத் தவறினோம்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வத்தோடும் உணவோடும் யாழோடும் பறையையும் சேர்த்தே கூறுகின்றது. குறிஞ்சி நிலத்தின் பறை தொண்டகம் என்பர். 2018இல் குறிஞ்சி பூத்த நம் மலைக்கு உரிய பறை அது. அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் நடுவணரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. நம் மாவட்டத் தலைநகராகிய திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் இளம்பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடையேறினர். இழிவென்று ஒதுக்கப்பட்ட கருவி இன்று நிமிர்ந்து நிற்கின்றது.

அவ்வாறாயின் பட்டப்படிப்பு எதற்கு என நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு அவர்கள், நாட்டுப்புற இசையையே ஒடுக்கப்பட்டோரின் வழிபாட்டு மொழியாக்கினார். அவருடைய பணியை ஆராய்ந்து 2014இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவர் அமெரிக்கப் பேராசிரியர் சோயி செரினியன். சக்தி கலைக்குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவரும் அவரே. அவ்வம்மையார்க்கு நாம் நன்றியுடையோம். ஆனால் கடல் கடந்து ஒருவர் வந்து எழுதும் அளவுக்கு நம்மிடம் செல்வம் இருக்க, அதை எழுதும் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு வேண்டாவா? அடிக்கும் கைக்கு எழுதவும் தெரிந்தால்தான் நம் இசையின் வரலாற்றை நாமே சொல்ல முடியும்.

ஆபிரகாம் பண்டிதரை நினைத்துப் பாருங்கள். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராக இருந்தவர். இசையையும் அங்கே கற்றார். பின்னர்த் தஞ்சையிலிருந்து பழந்தமிழிசையை ஆராய்ந்து, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர் இசையாராய்ச்சியின் முன்னோடி ஆனார்.

இனி, வழிகளைச் சொல்வோம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டு முதலே இசைக்கு இடமளித்து வருகின்றது. 2013இல் தமிழக அரசு இசைக்கும் கவின்கலைக்குமெனத் தனிப் பல்கலைக்கழகத்தையே நிறுவியது. நமக்கு அண்மையில் மதுரையில் அரசு இசைக் கல்லூரியும், திருச்சியில் கலைக்காவிரிக் கல்லூரியும் உள்ளன. சேருமுன், தரப்படுவது பட்டமா, பட்டயமா என்று தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும். இரண்டும் ஒன்றல்ல, மேற்படிப்புக்கும் வேலைக்கும் அவ்வேறுபாடு பெரிது.

இடர்களையும் மறைத்தல் தகாது. அங்கே பெரும்பாலும் கருநாடக இசையே பாடம். 72 மேளகர்த்தா இராகங்களும் 35 தாளங்களும் கற்க வேண்டும். உடன் பயில்வோருள் பலர் ஐந்து வயதிலேயே பாட்டு வகுப்புக்குச் சென்றவர்கள். நம் பிள்ளையோ பதினெட்டில் தொடங்குவான். முதலாண்டில் அவன் குரல் கூசும், கூசட்டும். நாள்தோறும் விடியலில் எழுந்து பயில்பவனுக்கு மூன்றாண்டுகள் குறுகிய காலமல்ல. அரசுப் பள்ளிகளில் இசையாசிரியர் பணியிடங்கள் மிகச் சிலவே. ஆகவே பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சிக்குரிய தகுதிகளையும், ஒலிப்பதிவு போன்ற கைத்திறனையும் சேர்த்துக்கொள்வது அறிவுடைமையாகும். கல்வி உதவித்தொகையும் ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியும் இசை மாணவர்க்கும் உரியனவே. உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறலாகாது.

பெற்றோர்களே, பிள்ளை பாடும்போது 'படிக்கிற வேலையைப் பார்' என்று அதட்டாதீர்கள். அவன் படித்துக்கொண்டிருக்கலாம். சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஆண்டுதோறும் இசை பயில விரும்பும் ஒரு பிள்ளைக்கு முதற்பருவக் கட்டணத்தையும் கல்லூரி சென்று சேரும் வழிச்செலவையும் சங்கம் ஏற்கட்டும். முதலாண்டுத் தொகையில் பாதியை நாம் தருவோம். கதவை அடைத்த கையே அதைத் திறக்கவும் கடமைப்பட்டுள்ளது.