குருதிக்கலன் வளர்க்கும் செயற்கைப் பொருள்



காற்புண் ஆறாமையாற் கால் வெட்டப்பட்ட நீரிழிவு நோயாளரை நாம் கண்டிருக்கிறோம். புண் ஆறாமைக்கு ஒரு காரணம் குருதியோட்டக் குறை. உடற்கலங்களிற் பெரும்பாலானவை மயிர்க்குழாயிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றருக்குள்ளேயே வாழ்கின்றன. அதற்கப்பால் ஒட்சிசன் போதியளவு சென்றடையாது. வாய்க்கால் எட்டாத பயிர் வாடுமன்றோ?

புதிய குருதிக்கலன்களை முளைக்கச் செய்யும் புரதம் உண்டு. அதனை ஊசியால் ஏற்றினாற் போதாதோ என்பீர்கள். போதாது. அது விரைவிற் சிதைந்துவிடும். அதனால் மட்டும் முளைக்கும் கலன்களோ சுவர் உறுதியின்றிக் கசியும்.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டேவிட் மூனி குழுவினர், உடலினுள் மெல்லச் சிதைந்து மறையும் செயற்கைப் பல்பகுதியத்தால், கடற்பஞ்சு போன்ற சட்டமொன்றை அமைத்தனர். அதிலிருந்து முளைப்பிக்கும் புரதம் முதலில் விரைந்து வெளிப்பட்டது. சுவரை உறுதிப்படுத்தும் மற்றொரு புரதம் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. எலிகளின் உடலில் முதிர்ந்த குருதிக்கலன் வலை உருவாயிற்று.

ஆயினும், எலியிற் கண்டது நோயாளருக்கும் உறுதியெனக் கொள்ளலாகாது. புற்றுக்கட்டியும் புதிய கலன்களை வரவழைத்தே வளர்கின்றது. ஆதலால் அளவும் இடமும் தவறலாகாது. எதைக் கொடுப்பது என்பதுடன், எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதையும் அறிவதே மருத்துவம். விஞ்ஞானம் பயிலும் நாம் அப்பொறுமையைக் கற்போமாக.