மாட்டுக்கும் மண்ணுக்கும் ஒரு நாள்



இன்றைய சிந்தனைக்காக மணப்பாறையிலிருந்து வெகுதூரம், ஸ்காட்லாந்து நாட்டின் கிழக்குக் கடற்கரைக்குப் போய் வருவோம். அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஓர் ஊர். மீனவராயிருந்து திருத்தூதரான புனித அந்திரேயாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஆனால் உலகம் இன்று அதை அறிந்திருப்பது கோல்ஃப் விளையாட்டால்தான். நம்மில் பலர் அந்த விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. சிறு பந்தை மட்டையால் அடித்து, 18 குழிகளில் ஒவ்வொன்றாக விழச் செய்வது என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

அவ்வூரின் 'ஓல்டு கோர்ஸ்' என்னும் திடலைப் பெரும்பாலும் காற்றும் மணலும் மேய்ந்த ஆடுகளுமே உருவாக்கின. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டுப் புல்தரை அது. அத்தகைய நிலத்தை 'லிங்க்ஸ்' என்பார்கள். உழவுக்கு உதவாது. நம் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மக்கள் இந்த விளையாட்டில் மூழ்கி வில் பயிற்சியை மறக்கிறார்கள் என்று 1457-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தடையே விதித்தது. அவ்வளவு பழைய மோகம்!

அத்திடலில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டுமென்று விடுமுறை எடுத்து, பணம் சேர்த்து, கண்டம் தாண்டி வருகிறார்கள். இடம் கிடைக்கக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆட முடியாது. பெரும் போட்டி நடக்கும் சில நாள்களைத் தவிர, அன்று திடல் ஊராருக்கு. பிள்ளைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கட்டணம் கிடையாது.

19-ஆம் நூற்றாண்டில் அந்தப் புல்தரையைப் பராமரித்தவர் டாம் மாரிஸ். நான்கு முறை ஓப்பன் பட்டம் வென்ற ஆட்டக்காரர். உங்களுக்கு ஓய்வு வேண்டாம் என்றாலும் இந்தத் திடலுக்கு வேண்டும் என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது.

இணைச்சட்ட நூல் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வுநாள் நமக்கு மட்டும் தரப்படவில்லை. வேலைக்காரர், வேலைக்காரி, மாடு, கழுதை, நம்மிடம் தங்கியிருக்கும் அந்நியர் எல்லாருக்கும் பங்கு உண்டு. எகிப்தில் நீங்களும் அடிமைகளாய் இருந்தீர்கள் என்பதை ஆண்டவர் அங்கே நினைவூட்டுகிறார். விடுதலைப் பயண நூல் 23-ஆம் அதிகாரமோ நிலத்துக்கும் ஏழாம் ஆண்டில் ஓய்வு கேட்கிறது.

சந்தையால் பேர்பெற்ற ஊர்க்காரர்களான நமக்கு மாட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நுகத்தடி பட்ட கழுத்துப் புண்ணைக் கண்டதும் விலையைக் குறைத்துக் கேட்கிறோம். அடுப்பின் முன் உட்கார்ந்து நாள் முழுதும் முறுக்குச் சுற்றும் அம்மாவின் தோள்பட்டையை அப்படிப் பார்த்திருக்கிறோமா?

கடை ஊழியருக்கு வாரம் ஒரு முழுநாள் விடுமுறை தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டமே சொல்கிறது. நின்றபடியே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் நம் மாநிலத்தில் திருத்தமும் வந்தது. ஓய்வைச் சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது! ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் நாம் நிற்கும்போது, நம் கடையைத் திறந்து வைத்திருக்கும் பெண் எந்தப் பூசைக்குப் போவாள்?

ஓய்வுநாளில் மாடு கிணற்றில் விழுந்தால் தூக்காமல் இருப்பீர்களா என்று இயேசு கேட்டார். மருத்துவமனையும் பேருந்தும் ஞாயிறும் இயங்கத்தான் வேண்டும். நம் பங்கிலும் கோயில் பிள்ளைக்கும் சமையல் அம்மாவுக்கும் ஞாயிறுதான் வேலை அதிகம். ஆகவே அவர்களுக்குத் திங்கள் விடுமுறை. தீபாவளி நெருங்குகிறது, முறுக்குக்கு ஆர்டர் குவியும். ஞாயிறு முடியாதென்றால் எந்த நாள் வசதி என்று வேலை செய்பவர்களையே இந்த வாரம் கேட்போம். அன்றைய கூலியைப் பிடிக்க வேண்டாம்.