கடிபட்ட கோழியைக் கறிச்சட்டிக்கு அனுப்பாதீங்க

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல. குழுக் கூட்டத்துல தீர்மானம் வாசிச்சதோட சரி. தலைவி அக்காதான், "உன் கோழிக் கதையைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு கூப்பிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

குழுவுல 6,000 ரூபாய் உள்கடன் வாங்கி, சிறுவிடைக் கோழி எட்டும் ஒரு சேவலும் வாங்கினேன். முட்டை வித்த காசுலதான் சேமிப்பும் தவணையும் கட்டினேன். ஒரு கோழி போனா அந்த மாசத் தவணையில துண்டு விழும்.

முதல் வருஷமே தெருநாய் புகுந்து, குஞ்சுகளோட திரிஞ்ச தாய்க்கோழியைக் கவ்விடுச்சு. கத்தி விரட்டிக் கோழியை மீட்டேன். முதுகுல தெரிஞ்ச காயத்துல மஞ்சளை அப்பி, பஞ்சாரத்துல கவுத்து வெச்சேன். இரை எடுத்துச்சு, பொழச்சிடும்னு நெனச்சேன். மூணாம் நாள் நாத்தம் வந்துச்சு. தூக்கிப் பாத்தா இறக்கைக்கு அடியில இன்னொரு காயம், முழுக்கப் புழு. அன்னைக்குச் சாயந்தரமே செத்துப்போச்சு. அதோட ஒன்பது குஞ்சுல ரெண்டுதான் மிஞ்சுச்சு. நான் இறக்கையைத் தூக்கிப் பாக்காததுதான் தப்பு. அது இன்னும் மனசுல கிடக்கு.

போன ஆடி மாசம் மறுபடியும் நடந்துச்சு. காலையில பதினோரு மணி, நான் குழுக் கூட்டத்துல இருந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு ஓடி வந்து, "அத்தை, கீரி வந்துடுச்சு"ன்னா. போய்ப் பாத்தா வைக்கோல் போருக்கு அடியில கோழி ஒடுங்கிக் கிடக்குது. பிடரியிலயும் வால் பக்கத்துலயும் இறகு இல்ல, ரத்தம் வடியுது. என் மாமியார், "இது தேறாது, உயிர் இருக்கும்போதே அறுத்துக் குழம்பு வெச்சிடு"ன்னாங்க. அவங்க காலத்து வழக்கம் அதுதான். "ஒரு ராத்திரி பாப்போம் அத்தை"ன்னு சொன்னேன்.

முதல்ல செய்ய வேண்டியது ரத்தத்தை நிறுத்துறது. பழைய துண்டால தலையை மூடிச் சுத்தித் தூக்கினா கோழி அடங்கிடும். சுத்தமான துணியை மடிச்சுக் காயத்து மேல அஞ்சு பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. அப்புறம் அட்டைப்பெட்டியில துணி விரிச்சு, இருட்டா, சத்தம் இல்லாத இடத்துல வைக்கணும். காயத்தைவிடப் பயத்துலயும் அதிர்ச்சியிலயும் சாகிற கோழி உண்டு. நடுங்கினா, வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பெட்டியோட ஒரு ஓரத்துல வைங்க. பாவம்னு வாயைத் திறந்து தண்ணி ஊத்திடாதீங்க. நாக்குக்குப் பின்னாலதான் மூச்சுக்குழல் இருக்கு. தண்ணி நுரையீரலுக்குப் போயிடும். கிண்ணத்துல பக்கத்துல வெச்சா அதுவே குடிக்கும்.

மத்த கோழிகளோட விடவே கூடாது. ரத்தச் சிவப்பைப் பாத்தா அதுங்களே கொத்திக் கொத்திப் புண்ணைப் பெருசாக்கிடும்.

கோழி கொஞ்சம் தெளிஞ்சதும் ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஒருத்தர் பாக்கணும். இறக்கை ரெண்டுக்கும் அடியில, தொடை இடுக்கு, மார்பு, வாலுக்குக் கீழே, பிடரி எல்லா இடத்துலயும் இறகை ஒதுக்கிப் பாருங்க. பல்லு பட்ட ஓட்டை வெளியில மிளகு அளவுதான் தெரியும், உள்ளே ஆழமா இருக்கும். காயத்தைச் சுத்தி உள்ள இறகைக் கத்தரியால வெட்டுங்க, பிடுங்காதீங்க. ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில ஒண்ணரை டீஸ்பூன் உப்பு கரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சால பீய்ச்சிக் கழுவணும். பொவிடோன் அயோடினை லேசான கட்டங்காப்பி நிறத்துக்குத் தண்ணி கலந்து தடவலாம். மஞ்சளைக் குழிக்காயத்துல அடைச்சு மூடாதீங்க, அழுக்கு உள்ளேயே தங்கிடும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

மறுநாள் காலையில கால்நடை மருந்தகத்துக்குக் கூடையில தூக்கிட்டுப் போனேன். நாய், பூனை, கீரி பல்லுல இருக்கிற கிருமி உள்ளே போயிருக்கும்னு டாக்டர் ஊசி போட்டு, மருந்தும் கொடுத்தார். வீட்டுல மிச்சம் இருக்கிற மனுஷ மாத்திரையை நாமளா கொடுக்கக் கூடாது. மருந்து கொடுக்கிற நாளிலயும், அதுக்கு அப்புறம் டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் அந்த முட்டையைத் தின்னவும் விக்கவும் கூடாது. தோல் பலூன் மாதிரி உப்பினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, நிக்க முடியலன்னாலோ காத்திருக்காதீங்க. 1962-க்குப் போன் பண்ணிக் கேளுங்க.

அடுத்து ஈ. ஈ முட்டை போட்டா ஒரே நாள்ல புழு வந்துடும். நான் பெட்டி மேல கொசுவலையைக் கட்டினேன். விரிச்ச துணியைக் காலையிலயும் சாயந்தரமும் மாத்தினேன். மாத்தும்போதெல்லாம் இறக்கையைத் தூக்கிப் பாத்தேன். முதல் கோழி கத்துக்கொடுத்த பாடம் அது.

முதல் நாள் எதுவும் தின்னல. ரெண்டாம் நாள் நொய்க்கஞ்சியும் அவிச்ச முட்டையும் பிசைஞ்சு வெச்சதைக் கொத்துச்சு. என் மாமியாரே கம்பு ஊற வெச்சுக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. பன்னெண்டு நாள் வீட்டுக்குள்ள இருந்துச்சு. அப்புறம் ரெண்டு நாள் மத்த கோழிகளுக்கு நடுவுல பஞ்சாரத்துல வெச்சுப் பழக்கித்தான் வெளியே விட்டேன். ஏழாவது வாரம் முட்டை போட்டுச்சு. ஐப்பசியில பதினோரு முட்டைக்கு அடை உக்காந்து எட்டுக் குஞ்சு இறக்குச்சு. கடனும் அடைஞ்சுபோச்சு.

எல்லாக் கோழியும் பொழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். குடல் வெளியே வந்து, முதுகெலும்பு போய்க் கிடந்தா, டாக்டர்கிட்ட கேட்டு அதோட வேதனையை முடிச்சு வைக்கிறதும் இரக்கம்தான்.

இன்னொண்ணு முக்கியம். கோழியைப் பிடுங்கப் போய் நாயோ கீரியோ உங்களைக் கடிச்சாலும் பிராண்டினாலும், ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிடுங்க. வெறிநோய் வந்துட்டா காப்பாத்துறது அரிது. கோழியைவிட நாம பெருசு.

கூட்டையும் பாருங்க. ராத்திரி பூட்டினா போதும்னு நெனச்சேன். கீரி பகல்லதான் வேட்டைக்கு வரும். இப்போ மேய்ற இடத்தைச் சுத்தி இருந்த புதரை வெட்டிட்டேன். கூட்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை அடிச்சு, அடியில ஒரு அடி ஆழத்துக்கு மண்ணுல புதைச்சிருக்கேன். விஷமோ பொறியோ வைக்காதீங்க, கீரியைக் கொல்றது சட்டப்படி குற்றம்.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. குழுவுக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கி, அதுல பொவிடோன் அயோடின், பஞ்சு, துணி, சிரிஞ்சு, கத்தரி, கையுறை போட்டு ஒரு உறுப்பினர் வீட்டுல வைக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்துல இதைத் தீர்மானமாப் போடணும்னு கேட்டுக்கிறேன். கடிபட்ட கோழி உங்க வீட்டுல இருந்தா என்னையும் கூப்பிடுங்க, பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும் இல்லையா?