பயம் யாருடைய சொத்து?

(பசுமலையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



படமெடுக்கணும்னா கோடிக்கணக்கில் பணம் வேணும், அது நமக்கான வேலையில்லைன்னு நம்ம பிள்ளைகளே சொல்றாங்க. வங்கியில் வரவு செலவு எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்தக் கணக்கை ஒரு பேய்ப்படத்தை வைத்துச் சரிபார்ப்போம்.

2012 அக்டோபர் 19இல் வெளிவந்த 'பீட்சா'. இயக்கிய கார்த்திக் சுப்புராஜ் மதுரைக்காரர். பக்கத்தில் திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் குறும்படம் எடுத்தவர். முதலில் எழுதி வைத்திருந்தது 'ஜிகர்தண்டா'. அந்தச் செலவுக்கு ஆள் கிடைக்கவில்லை. சரி, சின்னச் செலவில் முடிகிற கதையாக எழுதுவோம் என்று எழுதியதுதான் 'பீட்சா'. 'ஜிகர்தண்டா' 2014இல்தான் வந்தது.

ஆக, பணமில்லாமைதான் இந்தப் படத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது. ஒரு பங்களா. பீட்சா கொடுக்கப்போய் உள்ளே மாட்டிக்கொண்ட மைக்கேல். கையில் ஒரு டார்ச் லைட். நடுவில் நீண்ட நேரம் இவ்வளவுதான் படம். விஜய் சேதுபதியின் முகம்தான் சுமக்கிறது. இருட்டுக்கு வாடகை கிடையாது. ஆனா வெறும் இருட்டு யாரையும் பயமுறுத்தாது, சத்தம் வேணும். அங்கே கஞ்சத்தனம் பண்ணவில்லை, 7.1 ஒலியமைப்பில் படத்தைக் கொண்டுவந்தார்கள்.

தயாரிப்பாளர் சி.வி. குமார். அதே ஆண்டு ஆகஸ்டில் பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி'யைத் தயாரித்தவரும் அவரே. இரண்டுக்கும் இசை சந்தோஷ் நாராயணன், படத்தொகுப்பு லியோ ஜான் பால். ஜாமீன் இல்லாதவனுக்குக் கடன் இல்லை என்கிறது எங்கள் வங்கி. இங்கே புதியவருக்குப் புதியவர்தான் ஜாமீன்.

இனி கதைக்கு வருவோம். முதலாளியின் வைரங்கள் மைக்கேல் கைக்கு வருகின்றன. அவற்றை வைத்துக்கொள்ள அவனும் அனுவும் ஒரு பேய்க்கதை கட்டுகிறார்கள். முதலாளி ஏன் நம்புகிறார்? தன் மகளுக்கே பேய் பிடித்திருக்கிறது என்று ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவர் அவர். அந்தப் பயம்தான் இவர்களுக்கு மூலதனம்.

நம்ம ஊர்களில் பேய்க்கதை யார் யாருக்குச் சொன்னது? அந்தப் புளியமரத்துப் பக்கம் போகாதே, அந்தக் கிணற்றில் இறங்காதே. கதை மேலிருந்து கீழே வந்தது, பயந்தது நாம். 'பீட்சா'வில் சம்பளக்காரன் சொல்கிறான், முதலாளி பயப்படுகிறார். இந்தத் திசைமாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. மைக்கேல் கட்டும் கதையிலும் பேய்கள் பங்களாக்காரர்கள்தான். மலக்குழிக்குள் மூச்சுமுட்டிச் செத்தவன் ஏன் பேயாக வருவதில்லை? நியாயம் கிடைக்காமல் செத்தவர்தான் பேயாக அலைவார்கள் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. அப்படியானால் திரும்பி வரவேண்டியவர்களின் பட்டியல் நம் தெருக்களில்தான் நீளமானது. அவர்கள் வந்தால் நடுங்க வேண்டியது யார்?

வீடு ஒன்று, நடிக்க ஒருவர், இருட்டு, சத்தம். இவ்வளவும் உங்களிடம் இருக்கிறது. அடுத்த முறை கூடும்போது ஆளுக்கொரு கதை எழுதி வாருங்கள். அதில் பயப்படுவது யார் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.