பூநாரையின் அலகு

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்வோர் முதலிற் காட்டினூடாகவே செல்கின்றனர். வைகறையில் நமது நாட்டுக்கே உரிய காட்டுக்கோழி சாலையோரத்தில் இரை கிளறுவதைக் காணலாம். சேவலின் செந்நிறக் கொண்டையின் நடுவே மஞ்சள் தீட்டினாற்போல ஒரு திட்டு உண்டு. இந்தியக் காட்டுச் சேவல்களுக்கு அது இல்லை. விதை, தளிர், கறையான் என எது கிடைப்பினும் அது உண்டு வாழும்.

முருங்கனைக் கடந்ததும் காடு விலகி வயல்வெளி தோன்றுகிறது. தள்ளாடியை அணுகுகையில் ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பைக் காண்கிறோம். 2008 இல் அறிவிக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்த வங்காலைச் சரணாலயம் இதுவே. வடதிசையிலிருந்து வலசை வரும் வாத்துகள் பல இங்கு தங்கினும், நம் கண் பூநாரைமீதே பதிகிறது.

அதன் படத்தை வகுப்பிற் காட்டினால், "ஐயா, இதன் மூக்கு முறிந்து போயிற்றா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கத் தவறுவதில்லை. கேள்வி நகைப்புக்குரியதன்று. நிமிர்ந்து நிற்கையிற் கோணலாகத் தோன்றும் அவ்வலகு, பறவை தலையைக் கீழே கவிழ்த்து மேயும்போது நீரிற் செவ்வையாகப் படிந்துவிடுகிறது. தடித்த நாக்கு முன்னும் பின்னும் இயங்கி நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் நுண்ணிய இறால்வகைகளையும் பாசியையும் வடித்து நிறுத்தும். இளஞ்சிவப்பு நிறமும் இவ்வுணவு தந்ததே. குஞ்சுக்கு அந்நிறம் இல்லை.

இத்தனை நுட்பமும் ஆழமற்ற நீருக்கென்றே அமைந்தது. நீர் வற்றினாலோ பெருகினாலோ பூநாரை வேறிடம் தேடியேயாக வேண்டும். எழும்போது சிறிது தூரம் ஓடியே எழும். இரவிலும் பறந்து செல்லும். அவ்வழியிலே இன்று மின்கம்பிகள் குறுக்கிடுகின்றன. அவற்றில் மோதிப் பூநாரைகள் மடிந்ததுண்டு. 2020 இல் மன்னார்த் தீவிற் காற்றாலைகளும் இயங்கத் தொடங்கின. மின்சாரம் வேண்டாவென நான் கூறேன். போர்க்காலத்திற் சிமிலி விளக்கொளியிற் படித்தோர் அவ்வாறு கூறத் துணியார். ஆயினும் கம்பி செல்லும் வழியை முன்கூட்டியே ஆராயலாம்; பறவைக்குப் புலப்படும் அடையாளத் தகடுகளைக் கம்பியிலே தொங்கவிடலாம். பிறநாடுகளில் அவ்வாறு செய்கின்றனர்.

தை, மாசி மாதங்களில் அவ்வழியே செல்லும் நேயர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். நீரோரம்வரை இறங்கிச் செல்ல வேண்டா. ஒரு பறவை அஞ்சி எழுந்தால் கூட்டம் முழுவதுமே எழுந்துவிடும்.